பூச்சியம் யாருடையது? – எண்கள் வளர்ந்த கதை

சென்ற விஜயதசமியன்று நம் ஆலய மண்டபத்தில் ஏடு தொடக்கும் வைபவம் இனிதே முடிந்து, எல்லோருக்கும் சுண்டலும் அவலும் வழங்கிக்கொண்டிருந்தார்கள். அவ்வேளை நம் தமிழ்ப் பாடசாலையில் பயிலும் சிறுமி ஒருத்தி என்னிடம் வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மாமா, பூச்சியத்தை நாங்கள்தானே கண்டுபிடித்தோம்?"

"ஓம், அப்படித்தான் சொல்வார்கள். ஏன் பிள்ளை கேட்கிறாய்?"

தன் ஆங்கிலப் பாடசாலைக் கணித வகுப்பில் அவள் எழுந்து நின்று அதைப் பெருமையோடு சொன்னாளாம். ஆசிரியர் கோபிக்கவில்லை. "நல்லது. யார், எப்போது, எங்கே எழுதி வைத்தார்கள்?" என்று மட்டும் கேட்டாராம். அவளுக்கு மறுமொழி தெரியவில்லை. பிள்ளைகள் சிலர் சிரித்துவிட்டார்கள். "அப்படியென்றால் அது பொய்யா மாமா?" என்று கேட்டபோது அவள் குரல் தழுதழுத்தது.

கையில் சுண்டலை வைத்துக்கொண்டு நான் ஏதோ அரைகுறையாகச் சொல்லிச் சமாளித்தேன். வீட்டுக்குப் போன பின்னரும் அது மனத்தை உறுத்தியது. பெருமையை மட்டும் பிள்ளைகளுக்குக் கொடுத்து, ஆதாரத்தைக் கொடுக்காமல் விட்டது பெரியவர்களாகிய நம்முடைய பிழை அல்லவா? அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டிய மறுமொழியே இக்கட்டுரை. நான் கணித அறிஞன் அல்லேன், வைத்தியன். ஆயினும் எண்களின்றி வைத்தியம் இல்லை என்பதால் இதை எழுதத் துணிந்தேன்.

எண்ணத் தொடங்கிய காலம்

மனிதன் எழுதக் கற்பதற்கு முன்பே எண்ணக் கற்றுவிட்டான். ஆபிரிக்காவில், கொங்கோ நாட்டின் இஷாங்கோ என்னும் இடத்தில் 1950ஆம் ஆண்டு ஓர் எலும்புத் துண்டு கண்டெடுக்கப்பட்டது. ஏறத்தாழ 20,000 ஆண்டுகள் பழமையானது. அதில் வரிசை வரிசையாகக் கீறல்கள் உள்ளன. அவை எதைக் குறித்தன என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும், எதையோ கணக்கு வைக்கப் போட்ட கீறல்களாகவே பலர் அவற்றைக் கொள்கின்றனர். நம் ஊரில் பால்காரர் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்ததற்கும் இதற்கும் அதிக தூரம் இல்லை.

ஒன்றுக்கு ஒரு கோடு என்பது சிறு தொகைக்குச் சரி. தொகை பெருகும்போது பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி எனத் தனிக் குறிகள் வேண்டும். நம் முன்னோர் எழுதிய தமிழ் எண்களும் இம்முறையில் அமைந்தவையே. ௰ என்பது பத்து, ௱ என்பது நூறு, ௲ என்பது ஆயிரம். இரண்டாயிரத்து ஐந்தை ௨௲௫ என்று எழுதினார்கள். "இரண்டு ஆயிரம் ஐந்து" என்று வாயால் சொல்வதை அப்படியே எழுதும் முறை இது. கவனித்துப் பாருங்கள்: இதில் பூச்சியத்துக்கு வேலையே இல்லை. நூறும் பத்தும் இல்லையென்றால் அவற்றைச் சொல்லாமல் விடுகிறோம், எழுதாமலும் விடுகிறோம். ஆகவே, பூச்சியம் இல்லாமலும் நம்மவர்கள் கோயிற் கணக்கும் நிலக் கணக்கும் குறைவின்றி எழுதினார்கள் என்பதை முதலில் மனங்கொள்ள வேண்டும்.

பின்னங்களிலும் நம் முன்னோர் கெட்டிக்காரர்கள். அரை, கால், அரைக்கால் ஆகியவற்றை நாம் அறிவோம். அதற்கும் கீழே மாகாணி (16இல் ஒன்று), மா (20இல் ஒன்று), காணி (80இல் ஒன்று), முந்திரி (320இல் ஒன்று) எனப் பெயர்கள் உண்டு. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி வரும். 80இல் நான்கும் 80இல் ஒன்றும் சேர்ந்து 80இல் ஐந்து, அதாவது 16இல் ஒன்று. பெயருக்குள்ளேயே கூட்டல் கணக்கு அடங்கியிருக்கிறது. ஏன் 320? ஒன்றை 320 முந்திரியாகக் கொண்டால், அரை 160, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4 என எல்லாமே முழு எண்களாகிவிடும். பின்னத்தின் தொல்லை தீர்ந்தது. எண்சுவடியை மனனம் செய்த அக்காலத்துப் பிள்ளைகளுக்கு இது விளையாட்டு.

வெற்றிடத்துக்கு ஒரு குறி

பூச்சியம் தேவைப்படுவது இடமதிப்பு முறையில்தான். அம்முறையில் 5 என்ற ஒரே குறி, நிற்கும் இடத்தைப் பொறுத்து ஐந்து, ஐம்பது, ஐந்நூறு என மதிப்புப் பெறுகிறது. இடம் காலியாக இருந்தால் அதைக் காட்ட ஏதாவது வேண்டும். இல்லையேல் 25க்கும் 205க்கும் வேறுபாடு தெரியாது.

இத்தேவையை முதலில் உணர்ந்தவர்கள் நாம் அல்லோம் என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். பாபிலோனியர் அறுபதை அடியாகக் கொண்ட இடமதிப்பு முறையை கி.மு. 2000ஆம் ஆண்டளவிலேயே கையாண்டனர். ஒரு மணிக்கு 60 நிமிடம் என்பது அவர்கள் விட்டுச்சென்ற சொத்து. ஆரம்பத்தில் காலி இடத்தை வெறுமையாக விட்டார்கள், கி.மு. 300ஆம் ஆண்டளவில் அதற்குச் சாய்ந்த ஆப்பு வடிவில் ஒரு குறி போட்டார்கள். மத்திய அமெரிக்காவின் மாயர்களும் எவரிடமும் கற்காமல் தாமாகவே ஒரு பூச்சியக் குறியை அமைத்தனர். ஆனால் இவை காலியிடத்தைக் காக்கும் காவற்காரர்கள் மட்டுமே. கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் கூடிய ஓர் எண்ணாக அவர்கள் அதை நடத்தியதற்குச் சான்று இல்லை.

பாரத நாட்டில் இதற்கான நிலம் வெகுகாலம் பண்படுத்தப்பட்டிருந்தது. யசுர் வேதத்தில் ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் எனத் தொடங்கிப் பரார்த்தம் வரை, அதாவது ஒன்றுக்குப் பின் 12 பூச்சியங்கள் இட்டு எழுதும் எண் வரை, பத்தின் ஒவ்வொரு படிக்கும் தனிப்பெயர் உண்டு. செய்யுள் இலக்கணம் வகுத்த பிங்கலர் தம் நூலில் ஒரு கணக்குக்குச் 'சூன்யம்' என்ற சொல்லை அடையாளமாகப் பயன்படுத்துகிறார். கி.பி. 499இல் ஆரியபட்டர், தம் 23ஆவது வயதில் எழுதிய ஆரியபட்டீயத்தில், ஒவ்வோர் இடமும் முந்திய இடத்தைப் போல் பத்து மடங்கு என்று கூறுகிறார்.

இங்கே சைவர்களாகிய நமக்குச் சுவையான செய்தி ஒன்று உண்டு. 'லோகவிபாகம்' என்ற சமண நூலில் பெரும் எண்கள் இடமதிப்பு முறையில், பூச்சியத்துக்குரிய சொல்லும் இடம்பெறச் சொல்லப்பட்டுள்ளன. இன்று கிடைப்பது சிம்மசூரி செய்த வடமொழி ஆக்கம். மூலநூலைச் சர்வநந்தி என்ற முனிவர் காஞ்சி மன்னன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சகம் 380இல், அதாவது கி.பி. 458இல், பாடலிகை என்னும் ஊரில் முடித்தார் என்று அந்நூலே கூறுகிறது. அப்பாடலிகையை, கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். நம் அப்பர் சுவாமிகள் சைவத்துக்கு மீளுமுன் தருமசேனராக இருந்த சமணப் பள்ளி பாடலிபுத்திரத்தில் இருந்தது எனப் பெரியபுராணம் கூறும். அது இவ்வூரே என்பர். வடமொழி ஆக்கம் காலத்தால் பிந்தியது என்பதால் ஆய்வாளர் எச்சரிக்கையோடு பேசுவர். ஆயினும் பூச்சியத்தின் கதையில் தமிழ் மண்ணுக்கும் ஒரு மூலையில் இடம் உண்டு என்பது மகிழ்ச்சிக்குரியது.

கண்ணால் காணும் சான்றுகள்

"எங்கே எழுதி வைத்தார்கள்?" என்ற அந்த ஆசிரியரின் கேள்விக்கு மூன்று மறுமொழிகள் உள.

முதலாவது, நாம் வாழும் இங்கிலாந்திலேயே இருக்கிறது. 1881இல் பெஷாவருக்கு அண்மையிலுள்ள பக்ஷாலி என்ற சிற்றூரில் நிலத்தில் தோண்டியபோது, பூர்ச்ச மரப்பட்டையில் எழுதிய கணித ஏடுகள் கிடைத்தன. 1902 முதல் அவை ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் உள்ளன. அவற்றில் பூச்சியம் ஒரு புள்ளியாக நூற்றுக்கணக்கான இடங்களில் வருகிறது. 2017இல் மூன்று ஏடுகளைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது, ஒன்று கி.பி. 224–383 என்றும், மற்றவை 680–779, 885–993 என்றும் மூன்று வெவ்வேறு காலங்கள் வந்தன. ஒரே நூலின் ஏடுகள் எப்படி இத்தனை நூற்றாண்டு இடைவெளியில் இருக்க முடியும் என்ற விவாதம் எழுந்தது. ஆகவே மிகப் பழைய ஆண்டை மட்டும் பிடித்துக்கொண்டு முழங்குவது முறையன்று.

இரண்டாவது, கம்போடியாவில் மீக்கொங் ஆற்றங்கரையிலுள்ள சம்போர் என்னுமிடத்துக் கல்வெட்டு. சக ஆண்டு 605 என்று எண்ணாலேயே பொறித்திருக்கிறது. நடுவில் ஒரு புள்ளி. அது கி.பி. 683. ஆண்டு திட்டமாகத் தெரிந்த மிகப் பழைய பூச்சியங்களில் ஒன்று கடல் கடந்து போன நம் பண்பாட்டின் மண்ணில் கிடைத்திருக்கிறது என்பது, கடல் கடந்து வந்து வாழும் நமக்குச் சிந்தனைக்குரியது.

மூன்றாவதுதான் என் மனத்துக்கு மிக நெருக்கமானது. குவாலியர் கோட்டைக்கு ஏறும் வழியில் பாறையைக் குடைந்து செய்த சிறிய விஷ்ணு கோயில் ஒன்று உண்டு. சதுர்ப்புஜர் கோயில் என்பர். கி.பி. 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அங்குள்ளது. கோயிலுக்கு நந்தவனம் அமைக்க 270 முழ நீளமும் 187 முழ அகலமும் உள்ள நிலத்தை ஊரார் கொடுத்தனர். நாள்தோறும் 50 மாலைகள் சாத்த ஏற்பாடு செய்தனர். அந்த 270இலும் 50இலும் நாம் இன்று எழுதுவது போன்ற சிறு வட்டமாகவே பூச்சியம் நிற்கிறது. அரசர் புகழ் பாட அல்ல, தத்துவம் பேச அல்ல. சுவாமிக்கு எத்தனை மாலை என்று கணக்கு வைக்க! நம் சங்கப் பொருளாளருக்கு இது மிகவும் பிடிக்கும் என எண்ணுகிறேன்.

குறி எண்ணாகிய நாள்

குறி இருந்தால் மட்டும் போதாது. 'ஒன்றுமில்லை' என்பதையும் ஓர் எண்ணாக ஏற்று, அதற்குக் கணக்கு விதிகளை வகுத்தவர் பிரமகுப்தர். கி.பி. 628இல், தம் முப்பதாவது வயதில் எழுதிய பிரமஸ்புடசித்தாந்தத்தில் அவர் இதைச் செய்தார். ஓர் எண்ணிலிருந்து அதே எண்ணைக் கழித்தால் வருவது சூன்யம். சூன்யத்தைக் கூட்டினாலும் கழித்தாலும் எண் மாறாது. சூன்யத்தால் பெருக்கினால் சூன்யம். அத்தோடு நில்லாமல் 'தனம்' என்றும் 'ருணம்' என்றும், அதாவது உடைமை என்றும் கடன் என்றும் இருவகை எண்களைக் கொண்டு, கடனைக் கடனால் பெருக்கினால் உடைமை என்ற விதியையும் எழுதினார்.

மறை எண்களை நாமே முதலில் கண்டோம் என்றும் சொல்லக்கூடாது. சீனர்கள் அதற்கு முன்னரே சிவப்பு, கறுப்புக் குச்சிகளால் நேர் எண்ணையும் மறை எண்ணையும் வைத்துக் கணக்கிட்டனர். கிரேக்க அறிஞர் தயோபந்தரோ விடை மறை எண்ணாக வரும் சமன்பாட்டை அபத்தம் என்று தள்ளினார். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1758இல்கூட மசேரஸ் என்ற ஆங்கிலேயர் மறை எண்களைக் கணிதத்திலிருந்து விலக்க வேண்டும் என்று ஒரு நூலே எழுதினார். இன்று கண் வைத்தியர் "மைனஸ் இரண்டு" என்று மூக்குக்கண்ணாடிக்கு எழுதித் தருகிறார். நாமும் மறுபேச்சின்றி வாங்கி அணிகிறோம்.

பிரமகுப்தரும் ஓரிடத்தில் இடறினார். பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரித்தால் பூச்சியம் என்றார். கி.பி. 1150ஆம் ஆண்டளவில் பாஸ்கராச்சாரியார், ஓர் எண்ணைப் பூச்சியத்தால் பிரித்தால் வருவது முடிவில்லாதது என்றார். உலகங்கள் தோன்றினாலும் ஒடுங்கினாலும் கூடாமலும் குறையாமலும் இருக்கும் அச்சுதனுக்கு அதை ஒப்பிட்டார். அழகான உவமை. ஆனால் இன்றைய கணிதம் அதை ஏற்பதில்லை. காரணம் எளிது. ஆறை இரண்டால் பிரித்தால் மூன்று என்பது ஏன்? மூன்றை இரண்டால் பெருக்க ஆறு வருவதால். ஆறைப் பூச்சியத்தால் பிரிக்க வேண்டுமானால், பூச்சியத்தால் பெருக்க ஆறு வரும் எண் வேண்டும். அப்படி ஓர் எண் இல்லை. பூச்சியத்தைப் பூச்சியத்தால் பிரிக்கப் போனாலோ எந்த எண்ணும் பொருந்தும். ஒரே விடை என்பது இல்லை. ஆகவே அவ்வாசலை மூடி வைத்திருக்கிறார்கள். நம் ஆசாரியர்களின் பிழையைச் சொல்வது அவர்களை இழிவு செய்வதாகாது. யாரும் கால் வைக்காத வழியில் முதலில் நடந்தவர்களுக்கே அங்கு இடறும் வாய்ப்பும் கிடைக்கிறது.

மேற்கு நோக்கிய பயணம்

கி.பி. 662இல் செவெரஸ் செபோக்ட் என்ற சிரிய நாட்டுக் கிறித்தவ ஆயர், ஒன்பது குறிகளால் கணக்கிடும் இந்தியரின் திறமையைப் புகழ்ந்து எழுதினார். அறிவெல்லாம் தம்மிடமே என்று செருக்குற்றிருந்த கிரேக்க அபிமானிகளுக்குப் பாடமாகவே அவர் அதைக் கூறினார். அடுத்த நூற்றாண்டுகளில் பாக்தாத் நகரம் அறிவின் சந்தையாயிற்று. அங்கு அல்-குவாரிஸ்மி கி.பி. 825ஆம் ஆண்டளவில் இந்தியக் கணக்கு முறை பற்றி நூல் எழுதினார். இன்று கணினித் துறையினர் அடிக்கடி சொல்லும் 'அல்கோரிதம்' என்ற சொல் அவர் பெயரின் திரிபே.

சூன்யம் அரபியில் 'சிபிர்' ஆயிற்று. 1202இல் இத்தாலியர் பிபொனாச்சி தம் நூலில் அதைச் 'செபிரும்' என்றார். அதிலிருந்து ஆங்கிலத்தின் 'சீரோ' வந்தது. நம் ஊரில் பரீட்சையில் 'சைபர்' வாங்கினான் என்கிறோமே, அதுவும் அதே சிபிர்தான். நம் வீட்டிலிருந்து போன பிள்ளை அரபு நாட்டுக்கும் ஐரோப்பாவுக்கும் போய், பெயர் மாறித் திரும்பி வந்திருக்கிறது.

அதற்கு வரவேற்பு உடனே கிடைத்துவிடவில்லை. 1299இல் புளோரன்ஸ் நகரத்து நாணய மாற்று வணிகர் சங்கம், கணக்கேடுகளில் இவ்விலக்கங்களை எழுதக்கூடாது, தொகையை எழுத்திலேயே எழுத வேண்டும் என விதித்தது. இலக்கத்தைத் திருத்திக் களவு செய்வது எளிது என்ற அச்சம். இன்றும் காசோலையில் தொகையை எழுத்திலும் எழுதுகிறோம் அல்லவா? பழைய அச்சம் இன்னும் முற்றாக நீங்கவில்லை.

தசமப் பின்னங்களை 10ஆம் நூற்றாண்டிலேயே டமாஸ்கஸில் அல்-உக்லிடிசி கையாண்டார். ஐரோப்பாவில் அவற்றைச் சாதாரண மக்களுக்கும் கொண்டு சென்றது 1585இல் சைமன் ஸ்டெவின் வெளியிட்ட சிறு நூல்.

இந்தத் தசமப் புள்ளியோடு எனக்கு ஒரு சொந்தக் கணக்கு உண்டு. இந்நாட்டுக்கு வந்த புதிதில், ஓர் இரவுக் கடமையின்போது, சிறு குழந்தை ஒன்றுக்கு மருந்து எழுதினேன். அரை மில்லிகிராம். அவசரத்தில் முன்னால் பூச்சியம் போடாமல் புள்ளியும் ஐந்துமாக '.5' என்று எழுதிவிட்டேன். கோடிட்ட கடதாசி, புள்ளி அக்கோட்டிலேயே மறைந்துவிட்டது. பார்ப்பவருக்கு 5. அந்தக் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து. கடமையில் இருந்த மூத்த தாதி மருந்தை ஊசியில் எடுக்குமுன் தொலைபேசியில் அழைத்தார். "டொக்டர், ஐந்தா, அரையா?" என்று அவர் கேட்ட அந்தக் கேள்வி இன்னும் என் காதில் ஒலிக்கிறது. அவர் கேட்டிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க இன்றும் உடல் கூசுகிறது. பிழை முழுவதும் என்னுடையது.

புள்ளிக்கு முன் பூச்சியம் கட்டாயம்: 0.5 என்று எழுது. முழு எண்ணுக்குப் பின் வீண் பூச்சியம் வேண்டாம்: 3.0 என்று எழுதாதே, புள்ளி மறைந்தால் 30 ஆகிவிடும். இயன்றால் புள்ளியே வேண்டாம்: 0.5 கிராமை 500 மில்லிகிராம் என்று எழுது. இவை இந்நாட்டு வைத்தியர் அனைவருக்கும் விதிக்கப்பட்ட ஒழுங்குகள். அன்று முதல் நான் எழுதும் ஒவ்வொரு பூச்சியத்தையும் பிள்ளையார் சுழி போடும் கவனத்தோடு எழுதுகிறேன்.

பின்னத்துக்குள் அடங்காதது

கும்பாபிஷேக யாகசாலையில் சதுரம், வட்டம், அரைவட்டம் என வெவ்வேறு வடிவில் குண்டங்கள் அமைப்பதைக் கண்டிருப்பீர்கள். வேதகாலத்தில் மூன்று முக்கிய அக்கினிகளுக்கான வேதிகள் வட்டம், சதுரம், அரைவட்டம் ஆகிய வடிவங்களில், ஆனால் ஒரே பரப்பில் அமைய வேண்டும் என்பது விதி. அதற்கு அளவு சொல்லும் நூல்களே சுல்ப சூத்திரங்கள். அவற்றுள் பழமையான போதாயனரின் நூல் கி.மு. 800க்கும் 500க்கும் இடைப்பட்டது என்பர். ஒரு சதுரத்தின் மூலைவிட்டத்தின்மேல் கட்டிய சதுரம் இரு மடங்கு பரப்புடையது என்று அவர் கூறுகிறார். பக்கம் ஒன்றாயின் மூலைவிட்டம் இரண்டின் வர்க்கமூலம். அதற்கு அவர் தரும் கணக்கு: ஒன்று, அதனுடன் அதன் மூன்றில் ஒரு பங்கு, அதனுடன் அந்தப் பங்கின் நாலில் ஒன்று, பின் அதன் முப்பத்துநாலில் ஒன்றைக் கழிக்க. கூட்டிப் பார்த்தால் 577இன் கீழ் 408.

இதைச் சோதித்துப் பார்ப்போம். 577ஐ அதனாலேயே பெருக்கினால் 332,929. 408ஐ அதனாலேயே பெருக்கி இரட்டித்தால் 332,928. ஒன்றே ஒன்றுதான் மிகுதி! யாகசாலைக்கு இது போதும். போதாயனரும் இவ்வளவைக் குறிக்க வழங்கும் 'சவிசேஷம்' என்ற சொல் இது முற்றும் சரியான அளவன்று என்பதை அவர் அறிந்திருந்ததைக் காட்டுகிறது என்று சில அறிஞர் கூறுவர்.

அந்த ஒன்றையும் ஒழிக்க முடியுமா? முடியாது என்று நிறுவியவர்கள் கிரேக்கர்கள். ஒரு பின்னம் அதற்குச் சரியாகப் பொருந்துவதாகவும், அதை மேலும் சுருக்க முடியாதபடி சுருக்கிவிட்டதாகவும் வைத்துக்கொள்வோம். அப்போது மேலெண்ணின் வர்க்கம் கீழெண்ணின் வர்க்கத்தைப் போல் இரு மடங்கு. எனவே மேலெண் இரட்டை எண். அதை இரண்டின் மடங்காக எழுதினால் கீழெண்ணும் இரட்டை எண்ணாகிவிடும். இரண்டும் இரட்டையானால் இன்னும் சுருக்கலாமே! முரண்பாடு. ஆகவே அப்படி ஒரு பின்னமே இல்லை. எல்லாம் முழு எண்களின் விகிதமே என்று நம்பியிருந்த பிதாகரசின் சீடர்களுக்கு இது பேரிடியாயிற்று. இரகசியத்தை வெளியிட்ட இப்பாசஸ் கடலில் மூழ்கி மாண்டார் என்று ஒரு கதையும் உண்டு, கதை மட்டுமே. இத்தகைய எண்களுக்கும் உறுதியான இலக்கணம் 1872இல்தான் ஜெர்மானியர் டெடிகின்ட் முதலியோரால் கிடைத்தது.

ஒரு வைத்தியரின் கற்பனை

மறை எண்ணுக்கு வர்க்கமூலம் உண்டா? நேரை நேரால் பெருக்கினாலும், மறையை மறையால் பெருக்கினாலும் நேரே வரும். ஆகவே இல்லை என்று 9ஆம் நூற்றாண்டில் மகாவீரர் என்ற சமணக் கணித அறிஞர் தெளிவாகக் கூறினார். ஐரோப்பாவில் இந்த வாசலைத் தட்டியவர் ஒரு வைத்தியர் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி. இத்தாலியரான கர்டானோ 1545இல் ஒரு கேள்வி போட்டார்: பத்தை இரு கூறாக்கு, கூறுகளின் பெருக்கம் நாற்பதாக வேண்டும். ஐந்தும் ஐந்துமாகப் பிரித்தாலே பெருக்கம் இருபத்தைந்துதான்; அதற்கு மேல் வராது. ஆயினும் மறை 15இன் வர்க்கமூலத்தை ஓர் ஐந்தோடு கூட்டியும் மற்ற ஐந்திலிருந்து கழித்தும் பார்த்தால், கூட்டுத்தொகை பத்து, பெருக்கம் நாற்பது! நுட்பமானது, ஆனால் பயனற்றது என்று அவரே ஒதுக்கிவிட்டார். 1572இல் பொம்பெல்லி இத்தகைய எண்களுக்கு விதிகள் வகுத்தார். 1637இல் டெக்கார்ட் அவற்றைக் 'கற்பனை' என்றார்; அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

அந்தப் 'பயனற்ற' கற்பனை எண் இல்லாமல் இன்று மின்பொறியியல் இல்லை. நம் துறையில் காந்த அதிர்வுப் படப்பிடிப்பு என்ற பெரிய குழாய்க்குள் நோயாளியைப் படுக்கவைத்துப் படமெடுக்கிறோமே, அங்கு உடலிலிருந்து வரும் சமிக்ஞையை மெய்ப் பகுதி, கற்பனைப் பகுதி என இரண்டாகப் பதிந்து, அவற்றிலிருந்தே கணினி படத்தை உருவாக்குகிறது. மூளையில் உள்ள கட்டியைக் கத்தி வைக்காமல் காண, கர்டானோவின் கற்பனை உதவுகிறது.

கடைசியாக முடிவிலி. 1874இல் ஜெர்மானியர் கன்டோர், முடிவில்லாதவற்றிலும் சிறிது பெரிது உண்டு என்று நிறுவினார். ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக்கொண்டே போவது ஒரு முடிவிலி. ஒரு கோட்டின்மேல் உள்ள புள்ளிகள் அதைவிடப் பெரிய முடிவிலி. அவரையும் அக்காலத்துப் பெரியவர்கள் சிலர் கடுமையாக எதிர்த்தனர்.

பிள்ளைக்குச் சொல்லும் மறுமொழி

கதை முழுவதையும் திரும்பிப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. புதிதாக வந்த ஒவ்வோர் எண்ணையும் பழையவர்கள் சந்தேகித்தார்கள். சூன்யம், கடன், அபத்தம், கற்பனை என்று அவற்றுக்கு வைத்த பெயர்களைப் பாருங்கள்! பின்னர் அவை இல்லாமல் வீடு நடவாது என்று கண்டார்கள். வந்த நாட்டில் வாழும் நமக்கு இதன் பொருளை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே, அன்புப் பிள்ளையே, உன் ஆசிரியர் மீண்டும் கேட்டால் இப்படிச் சொல்: "காலியிடத்துக்குக் குறி போட்டவர்கள் பலர், பாபிலோனியரும் மாயரும் அவர்களுள் அடங்குவர். ஆனால் பூச்சியத்தை ஓர் எண்ணாக ஏற்று அதற்குக் கணக்கு விதி எழுதியவர் பிரமகுப்தர், கி.பி. 628இல், பாரத நாட்டில். அவர் எழுதியதில் ஒரு விதி பிழை. மற்றவை இன்றும் நிற்கின்றன. அரபியரும் இத்தாலியரும் அதைச் சுமந்து வந்து இந்நாட்டில் சேர்த்தார்கள். பக்ஷாலி ஏடுகள் ஒக்ஸ்போர்ட்டில் இருக்கின்றன."

இப்படிச் சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். சிரித்தாலும் உனக்கு வருத்தம் வராது. அளவுக்கு மீறிய பெருமை ஒரு கேள்விக்கே உடைந்துவிடும். அளவான பெருமை எத்தனை கேள்விக்கும் நிற்கும். மருந்தைப் போலத்தான் பெருமையும். அதை எழுதிக் கொடுக்கும்போது புள்ளியைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்த விஜயதசமிக்கு ஏடு தொடக்க வரும் குழந்தைகளின் கையைப் பிடித்து அரிசியில் 'அ' எழுதுவிக்கும்போது, பக்கத்தில் ஒரு சிறு வட்டத்தையும் எழுதுவித்தால் என்ன? அதன் வரலாற்றைச் சொல்ல நாம் அனைவரும் ஆயத்தமாக இருந்தால் போதும்.